இளவரசன் கேட்ட புட்டு

ரூபன் அடுத்த வரிக்காக மூச்சை இழுத்தான். பாட்டு அவன் வாயிலிருந்து வரவில்லை. எதிரே சனம் இருந்த கதிரைகளிலிருந்து வந்தது.

கப்பல் புறப்படும் காட்சி அது. இரண்டு பேர் நீலத் துணியொன்றை இரு பக்கமும் பிடித்து ஆட்டிக் கடல் காட்டிக்கொண்டிருந்தார்கள். இளவரசன் ஒரு காலைத் தோணியில் வைத்துவிட்டான். இளவரசி கரையில் கண்ணைத் துடைத்தபடி நிற்கிறாள். மேடையின் இடது ஓரத்தில், ஆர்மோனியத்துக்குப் பின்னால் நான். முதல் வரியை ரூபன் நன்றாகவே பாடியிருந்தான்.

"போய்வருவேன் கண்ணே, புயல் ஓய்ந்த பின்னே..."

இழுத்த மூச்சு நெஞ்சுக்குள் இறங்குவதற்குள், முன்பாதி மண்டபம் ஒரே குரலில் அடுத்த வரியைப் பாடி முடித்துவிட்டது.

"புட்டவித்து வையடி பெண்ணே!"

பிறகு சிரிப்பு. கொஞ்ச நஞ்சச் சிரிப்பு இல்லை. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். நீலக்கடல் அப்படியே நின்றுவிட்டது. இளவரசி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என் கை துருத்தியை விட்டுவிட, ஆர்மோனியம் ஒருமுறை முனகி அடங்கியது.

முதல் வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று, தொடையில் தாளம் போட்டபடி பாட்டைத் தொடர்ந்துகொண்டேயிருந்தார். எண்பதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, தோளில் துவாய். உப்புவெளி பசுபதி ஐயா. அந்தக் காலத்தில் இதே நாடகத்தில் இதே இளவரசனாக நடித்தவர் அவர்தான்.

மருந்துக்கடைக்காரி

சென்ற கிழமை இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக்கு ஆர்மோனியம் வந்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், நான் மருந்துக்கடைக்காரியா, பாட்டுக்காரியா என்று கேட்டிருந்தார். பகலில் மருந்துக்கடை. கோயிலில் பஜனை என்றால் ஆர்மோனியம். அவ்வளவுதான். நாடகத்துக்கு வாசிக்கும்படி என்னை யாரும் கேட்டிருக்கவில்லை, தர்ஷினி வரும்வரை.

தர்ஷினி பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு வந்து, இப்போது பள்ளிக்கூடமொன்றில் அதையே படிப்பிக்கிற பிள்ளை. ஒருநாள் இருமல் மருந்து வாங்க வந்தவள், "அக்கா, சங்குத்தீவு இளவரசியைத் திருப்பி மேடையேத்தப் போறன். நீங்கள்தான் பெட்டி வாசிக்கவேணும்" என்றாள். மருந்தை மறந்து, என்னை மட்டும் சம்மதிக்க வைத்துவிட்டுப் போனாள்.

'சங்குத்தீவு இளவரசி' எங்கள் துறைமுகப் பக்கத்து இசை நாடகம். தபால் கந்தோரில் வேலை செய்த அருணாசலம் என்பவர் எழுதி, மெட்டும் போட்டது. சண்டைக்கு முந்திய காலத்தில் அதைப் பார்க்காத வீடு இங்கே இல்லை என்பார்கள். நிலாவெளியிலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் வண்டி கட்டி வருவார்களாம்.

நானும் பார்த்திருக்கிறேன். அப்பாவின் மடியில் இருந்து. கச்சான் கடலை வாசமும், வேர்வையில் ராசாவின் கிரீடத்திலிருந்து உரிந்து தொங்கிய தங்கத் தாளும் ஞாபகம் இருக்கிறது. கப்பல் புறப்பட முன்னமே நான் நித்திரை.

ஆனால் அந்தப் பாட்டு மட்டும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யார் வெளியே போனாலும் படலையைத் திறக்கும்போது அதைப் பாடுவார்கள். அப்பா கொழும்புக்குப் போகும்போது பாடுவார். அண்ணா கட்டாருக்குப் போன அன்று, வான் வண்டியில் ஏறி இருந்துகொண்டு கண்ணாடியை இறக்கி, அம்மாவைப் பார்த்து "புட்டவித்து வையடி பெண்ணே" என்று பாடினான். அம்மா செருப்பைக் கழற்றி ஓங்கினா. வான் மறைந்த பிறகுதான் அழுதா.

ஒத்திகையின் முதல் நாள் தர்ஷினி பிரதியைத் தந்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. அதில் புட்டு இல்லை.

"போய்வருவேன் கண்ணே, புயல் ஓய்ந்த பின்னே
பொன்னொளியாய் நிற்பேன் உன் முன்னே."

"புட்டு எங்கை தர்ஷினி?"

"அது மேடையிலை ஆரோ விட்ட பிழை அக்கா. இதுதான் அவர் எழுதினது. சாகப்போறன் எண்டு தெரிஞ்சுகொண்டு ஒருத்தன் கப்பலேறுறான். அந்த நேரத்திலை புட்டுக் கேப்பானா?"

கேட்கமாட்டான்தான். ஆனாலும் எனக்கென்னவோ, ஊரிலிருந்து கடலுக்குப் போன எல்லோரும் கேட்டதுபோலவே இருந்தது. அதைச் சொன்னால் படித்த பிள்ளை சிரிக்கும் என்று ஆர்மோனியத்தைத் திறந்தேன்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அருணாசலம் இப்போது இல்லை. நாடகம் போட அனுமதி தந்தது மட்டக்களப்பிலிருக்கும் அவருடைய மகள் திலகா அக்கா. ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தா. அப்பா எழுதியதை எழுதியபடி பாடவேண்டும். தர்ஷினி வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று மாலைக் காட்சிகளில் கடைசி நாளுக்குத் திலகா அக்கா வருவதாக ஏற்பாடு.

கல்லாவுக்கு முன்னால் விமர்சனம்

முதல் நாள் காட்சி முடிந்த மறுநாள் காலை கடையைத் திறக்க முன்னமே வாசலில் சனம். காய்ச்சலுக்கு வந்தவர்களைவிடக் கதைக்க வந்தவர்கள்தான் கூட.

"வதனி, நல்லாத்தான் வாசிச்சனீர். ஆனால் புட்டை ஏன் எடுத்தனீங்கள்?" என்றார் சந்தை இறைச்சிக்கடைக்காரர்.

"புட்டுத்தான் அந்த நாடகமே" என்றா பின்னால் நின்ற ஒரு அம்மா. "பொன்னொளியாம். ஆருக்கு வேணும் பொன்னொளி? திரும்பி வந்து சாப்பிடுவன் எண்டு ஒரு சொல் சொன்னால் போதாதே?"

அந்த வரி எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பசுபதி ஐயா அன்று விரதமாம், பசியில் வந்துவிட்டதாம். இல்லை, அவருடைய பெண்சாதி முன்வரிசையில் இருந்தாவாம், அவவைச் சீண்டப் பாடினாராம். இல்லையில்லை, மண்டபத்துக்கு வெளியே புட்டு விற்றார்களாம், அதற்கு விளம்பரமாம். கைத்தொலைபேசியில் யாரோ எடுத்த படம் கனடாவரைக்கும் போய்விட்டது. "தம்பி அங்கையிருந்து கேக்கிறான், ஏன் அந்தப் பெடியன் வாயைத் திறந்துகொண்டு நிண்டவன் எண்டு" என்று ஒருவர் எனக்குக் காட்டினார். படத்தில் ரூபனின் முகம், அலை கரையில் எறிந்த மீனைப்போல இருந்தது.

ரூபன் பாவம். நிலாவெளியில் படகு ஓட்டி, வெள்ளைக்காரரைப் புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் பாடிப் பாடி வளர்ந்த குரல். அதைக் கேட்டுத்தான் தர்ஷினி பிடித்து வந்தாள். அன்று மத்தியானம் கடைக்கு வந்து, தலையிடிக்குக் குளிசை கேட்டான்.

"அக்கா, நான் பாடினது ஒருத்தருக்கும் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சபடியால்தானே தம்பி சேர்ந்து பாடினவை."

"அவை என்னோடை பாடேல்லை அக்கா. அவரோடை பாடினவை" என்றான்.

குளிசையைக் கொடுத்தேன்.

பேசாமல் இருந்த சனம்

இரண்டாம் நாள் திரை விலக முன், தர்ஷினி மேடைக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள். முகம் இறுகியிருந்தது.

"தயவுசெய்து ஒருத்தரும் சேர்ந்து பாடாதேங்கோ. இடையிலை சத்தம் போடாதேங்கோ. நடிக்கிற ஆக்களுக்குக் கரைச்சலா இருக்கு."

எங்கள் சனத்துக்கு ஒரு குணம். சொன்னால் கேட்காது, கேட்டால் முழுக்கக் கேட்கும். அன்று முழுக்கக் கேட்டது.

ஓரமாக இருந்து வாசிக்கிறவளுக்கு நாடகம் அரைகுறையாகத்தான் தெரியும். சனத்தின் முகம் முழுதாகத் தெரியும். அன்று கண்ட முகங்களைச் பரீட்சை மண்டபத்தில்தான் கண்டிருக்கிறேன். முதுகு நிமிர்த்தி, கையைக் கட்டி, கண் வெட்டாமல். இருமல் வந்தவர்கள்கூட வெளியே போய் இருமிவிட்டு வந்தார்கள்.

பைரூஸ் மேடைக்கு வந்தான். கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கிறவன். நாடகத்தில் தொந்தி வைத்த மந்திரி. முதல் நாள் அவன் வயிறு மேடைக்குள் நுழைந்ததுமே சனம் சிரித்தது. கிண்ணியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்த அவனுடைய ஆட்கள், அவன் வாயைத் திறக்க முன்னமே கை தட்டினார்கள். அவனுடைய உம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்து, இரண்டு பேர் பிடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் அதே தொந்தி, அதே பகிடி. சத்தம் இல்லை. தொந்தி கழன்று விழுந்ததற்கும் சத்தம் இல்லை. மண்டபத்து வாசலில் வழமைபோல, ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று சுவரில் ஒட்டியிருந்த எங்கள் விளம்பரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அது மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பைரூஸ் உள்ளே வந்து தொந்தியைக் கழற்றி எறிந்தான்.

"மையத்து வீட்டுல பகிடி விட்ட மாதிரி இரிக்கி அக்கா. நாளைக்கும் இப்படியெண்டா நான் வரமாட்டேன்."

கப்பல் காட்சி வந்தது. ரூபன் பாடினான். இரண்டாவது வரியைக் குரல் தளராமல், அழகாக, எழுதியபடியே பாடினான். நான் முன்வரிசையைப் பார்த்தேன். பசுபதி ஐயா துவாயைச் சுருட்டித் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார். கண் பெரிதாக விழித்திருந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிடும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு கதிரைகள் பாதி காலி. பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். முடிவில் விழுந்த கைதட்டல், கூட்டத்தில் தலைவர் உரைக்கு விழும் கைதட்டல்.

தர்ஷினி மேடைப் படியில் இருந்துவிட்டாள். "நாடகத்தை நான்தான் சாகடிச்சுப்போட்டன் அக்கா" என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சிரிக்கிறதையும் அழுகிறதையும் தனித்தனியா நிப்பாட்ட ஏலாது பிள்ளை. ஒண்டை மூடினால் மற்றதும் மூடிப்போகும்."

"அப்ப திலகா அக்காவுக்கு நான் குடுத்த வாக்கு?"

பசுபதி ஐயா சொன்னது

மூன்றாம் நாள் காலை பசுபதி ஐயாவே பிரஷர் குளிசை வாங்கக் கடைக்கு வந்தார். வழக்கமாக மகளை அனுப்புகிறவர். மருந்தை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"பிள்ளை, இண்டைக்கு அருணாசலத்தின்ரை மகள் வாறாவாம். உண்மையே?"

"ஓம் ஐயா."

"அப்ப நான் வரேல்லை."

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அந்தப் புட்டு எப்படி வந்தது என்று அப்போதுதான் அவர் வாயாலேயே கேட்டேன்.

"மறந்துபோச்சுது. அவ்வளவுதான். முதல் வரியைப் பாடிப்போட்டு நிக்கிறன், அடுத்தது வருகுதில்லை. பெட்டிக்காரன் என்னைப் பாக்கிறான். நான் சனத்தைப் பாக்கிறன். வாயிலை வந்தது புட்டு. சனம் சிரிக்குமெண்டு பாத்தன். முதலிலை சிரிச்சுதுகள். பிறகு பாத்தால் பொம்பிளையள் எல்லாம் அழுகினம்."

"அருணாசலம் ஐயா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்கு வருத்தம். அடுத்த முறை நான் சரியாத்தான் பாடினனான் பிள்ளை. சாமி அறிய. சனம் விடேல்லை. புட்டு, புட்டு எண்டு கத்தினதுகள். ஒன்ஸ்மோர் கேட்டு என்னைத் தோணியாலை இறக்கிப்போட்டுதுகள். நான் யாருக்குப் பாடுறது? சனத்துக்கே, அவருக்கே?"

சனத்துக்குப் பாடினார். அருணாசலம் அதற்குப் பிறகு நாடகம் எழுதவில்லை. நண்பர்களாக இருந்தவர்கள், வீதியில் கண்டால் தலையாட்டுவார்களாம், நின்று கதைக்கமாட்டார்களாம். அந்த நாடகம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அருணாசலம் மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போய்விட்டார். சண்டையும் வந்துவிட்டது.

"வாங்கோ ஐயா" என்றேன். "வராமல் விட்டால் பிறகு அதுவும் ஒரு கதையாப் போகும்."

"வந்தால் என்ரை வாய் நிக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் மாலை

அன்று மண்டபம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். முதல் நாள் சிரிப்பைக் கேள்விப்பட்டு வந்தவர்களா, இரண்டாம் நாள் செத்த வீட்டைக் கேள்விப்பட்டு வந்தவர்களா தெரியாது. திலகா அக்கா முன்வரிசை நடுவில். அறுபதுகளில் இருப்பா. மெல்லிய ஆள், நரைத்த கொண்டை, சாம்பல் நிறச் சேலை. முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பசுபதி ஐயாவை நான் தேடினேன். கடைசி வரிசையில், கதவோரம், ஓடுவதற்கு வசதியாக இருந்தார்.

தர்ஷினி மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்தாள். சனம் கையைக் கட்டத் தயாரானது.

"நேற்று நான் சொன்னதை மறந்திடுங்கோ" என்றாள். "சிரியுங்கோ, விசிலடியுங்கோ, சேர்ந்து பாடுங்கோ. ஒரேயொரு வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. எந்த வரி எண்டு உங்களுக்குத் தெரியும். எழுதினவரின்ரை மகளுக்கு நான் ஒரு வாக்குக் குடுத்திட்டன். அதைக் காப்பாத்தித் தாறது உங்கடை கையிலை."

கிண்ணியா ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது.

நாடகம் ஓடியது என்று சொல்வது சரியில்லை, பறந்தது. பைரூஸின் தொந்திக்குச் சிரித்தார்கள். ராசாவைத் திட்டினார்கள். இளவரசிக்கு இரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்த பாட்டுகளைப் பாடினார்கள், தெரியாததற்குத் தாளம் போட்டார்கள். என் விரல்களுக்கு அவர்களோடு ஓடிப் பிடிக்க முடியவில்லை.

கடல் விரிந்தது. ரூபன் தோணியில் காலை வைத்தான்.

"போய்வருவேன் கண்ணே, புயல் ஓய்ந்த பின்னே..."

இப்போது என் கண் முழுக்கச் சனத்தின் மேல். ஒரு தாய், மடியிலிருந்த பிள்ளையின் வாயைப் பொத்தினாள். இறைச்சிக்கடைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பொன்னொளி ஆருக்கு வேணும் என்று கடையில் கேட்ட அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டா. அவ்வளவு பெரிய மண்டபத்தில் சனம் முழுவதும் சேர்ந்து ஒரு வரியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

"பொன்னொளியாய் நிற்பேன் உன் முன்னே."

ரூபனின் குரல் கடைசி எழுத்தில் நடுங்கியது. ஒத்திகையில் ஒருநாளும் நடுங்காத இடம். திரும்பி வரப்போவதில்லை என்பது இளவரசனுக்குத் தெரியும் என்று தர்ஷினி முன்பே சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொன்னொளியாக வருகிறவன் ஆளாக வரமாட்டான். இத்தனை ஒத்திகையில் எத்தனை முறை வாசித்தும் எனக்குப் பிடிபடாத வரி, கேட்க ஆட்கள் இருந்தபோது பிடிபட்டது.

யாரும் அசையவில்லை. முதல் நாள் போலச் சிரிப்பும் இல்லை, இரண்டாம் நாள் போலப் பயமும் இல்லை.

திலகா அக்கா எழுந்தா. மேடையைப் பார்க்கவில்லை. சனத்தின் பக்கம் திரும்பி நின்றா. ஒலிவாங்கி இல்லாமலே அவவுடைய மெல்லிய குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஒருக்காலாவது சனம் பேசாமல் இருந்து இந்த வரியைக் கேக்கவேணும் எண்டு அப்பா கடைசிமட்டும் ஆசைப்பட்டவர். கேட்டுப்போட்டியள். பெரிய உபகாரம்." என்றா. "இனி உங்கடையைப் பாடுங்கோ. அப்பாவும் வீட்டிலை அதைத்தான் பாடுறவர். வேலைக்குப் போகேக்கை குசினிப் பக்கம் அம்மாவை எட்டிப் பாத்துப் பாடிப்போட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்."

மண்டபம் மூச்சு விட்டது. ரூபன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டிவிட்டு ஆர்மோனியத்தில் முதல் வரிக்குத் திரும்பினேன். அவன் பாடினான். அடுத்த வரியை அவன் பாடத் தேவையிருக்கவில்லை. புட்டு, கூரைத் தகரம் அதிர வந்தது. நீலக்கடலைப் பிடித்திருந்தவர்களும் பாடினார்கள். இளவரசி இந்த முறை சேலைத் தலைப்பைத் தேடவில்லை, அழுதபடியே சிரித்தாள். ரூபன் தோணியில் நின்று, இரண்டு கையையும் விரித்து, சனத்தோடு சேர்ந்து பாடினான்.

கடைசி வரிசையில் பசுபதி ஐயா மட்டும் வாய் திறக்கவில்லை.

வாசலில்

காட்சி முடிந்து நான் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சனம் கடற்கரைப் பக்கம் கலைந்துகொண்டிருந்தது. மட்டக்களப்புக்குப் போகும் வான் எஞ்சினை முடுக்கிவிட்டு நின்றது. திலகா அக்கா அதில் ஏறவில்லை. பசுபதி ஐயாவுக்கு முன்னால் நின்றா.

"பசுபதி மாமா, என்னைத் தெரியுதே?"

"சின்னச் சட்டை போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு வந்து, என்ரை வாளைத் தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளை" என்றார் அவர். துவாயை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"உன்ரை கொப்பரின்ரை வரிதான் பிள்ளை நல்ல வரி. பாடின காலத்திலை எனக்குத் தெரியேல்லை. நேற்றும் இண்டைக்கும்தான் இருந்து கேட்டனான்."

திலகா அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா. வான்காரர் ஹோன் அடித்தார். அவ திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப சனம் எல்லாம் பாடேக்கை நீங்கள் ஏன் மாமா பாடேல்லை?"

"உன்ரை கொப்பர் வீட்டிலை என்ரை வரியைப் பாடினவர் எண்டனியே" என்றார் பசுபதி ஐயா. "அவர் பாடினால் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன்."